பேய்ப்படத்தை ஆய்வுக்கு எடுத்தேன், சிரிக்கிறார்கள். என்ன பதில் சொல்லலாம்?

மலைக்கோட்டை வெண்ணிலா

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டார்கள். "திகில் படங்களில் அச்சச் சுவை" என்று எழுதிக் கொடுத்தேன். துறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்தவர் தாளைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் தள்ளினார். இரண்டாமவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "பேய்ப்படமா? ஏம்மா, வேற நல்லதா ஒண்ணும் கிடைக்கலையா?" மூன்றாமவர் கொஞ்சம் இரக்கப்பட்டவர். "பொழுதுபோக்கு வேற, கலை வேறம்மா. இது கலைதான்னு மூணு பக்கம் எழுதிட்டு வா, பார்க்கலாம்" என்று ஒரு வாரம் டைம் கொடுத்திருக்கிறார்.

அவர்கள் சிரித்ததுகூடப் பெரிதில்லை. அங்கே நின்றபோது எனக்குப் பதில் வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இந்தத் தலைப்பு எனக்கு எப்படித் தோன்றியது என்றால், என் அம்மாவால். டிவியில் சந்திரமுகி போட்டால் அம்மா உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் அந்தப் படம் பத்துத் தடவைக்குக் குறையாமல் ஓடியிருக்கும். அடுத்து என்ன வரும், யார் என்ன பேசுவார்கள் எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பூட்டிய அறைக்கு யாராவது படியேறினால் முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோய்விடுவார். "போயிடுச்சா? போயிடுச்சா?" என்று என்னிடம் கேட்பார். எது போயிடுச்சான்னு கேட்கிறீங்க, உங்களுக்கே தெரியுமே என்றால், "தெரியும்டி, அதுக்காக?" என்பார்.

அந்த "அதுக்காக?" என்ற கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும். ஆய்வேட்டில் அதை இப்படியே எழுத முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்தப் படத்தை வைத்து ஆரம்பித்தால் துறையில் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பார்கள்?

கடுகு

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஆசிரியர்கள் பக்கம்தான் நான். பயப்படுத்துவது கலை என்றால் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் வருகிற ராட்டினமும் கலைதான். மேலே போகும்போது வயிறு கலங்கும், இறங்கியதும் சிரிப்போம், இன்னொரு ரவுண்டு போவோம். உடம்பை உலுக்குவதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. இருட்டில் பின்னாலிருந்து "பே" என்று கத்தினால் நானும் கலைஞன்.

அப்புறம் நம்ம ஊர்ப் பேய்ப்படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், நாய் ஊளை, காமெடியன் வேட்டி அவிழ ஓட்டம். பாதிப் படம் சிரிப்பு, பாதிப் படம் பூசாரி. இதில் அச்சச் சுவையை எங்கே தேடுவீர்கள்?

ஆபரேட்டர் (ஓய்வு)

அம்மிணி, நான் படித்தவனில்லை. எட்டாவதோடு நிறுத்திவிட்டு தியேட்டருக்குப் போனவன். கோயம்புத்தூரில் ஒரு தியேட்டரில் 1974இலிருந்து முப்பத்தைந்து வருஷம் புரொஜெக்டர் ஓட்டினேன். பேரன் போனில் டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்ததால் இங்கே வந்து வம்பு பேசிக்கொண்டிருக்கிறேன். ஆய்வுக்கு இது உதவுமா தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆபரேட்டர் படம் பார்ப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பார்க்க முடியாது. அன்றைக்குக் கார்பன் மெஷின். இரண்டு குச்சிகள் நுனியோடு நுனி எரியும். எரிய எரியத் தேயும், இடைவெளி கூடும். கூடினால் திரை மங்கிவிடும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். அதனால் ஒரு கண் எப்போதும் குச்சி மேல். திரையின் வலது மூலையில் புள்ளி வந்தால் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும், அதற்கு இன்னொரு கண். நடுவில் கிடைக்கிற நேரத்தில் சுவரிலிருக்கும் சதுர ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தால் முதலில் தெரிவது படமில்லை, தலைகள். அத்தனை தலை மேலும் படத்து வெளிச்சம் விழுந்து விழுந்து போகும்.

தமிழ்ப் படம் என்றால் ஒரு நாளைக்கு நாலு காட்சி. மூன்று வாரம் ஓடினால் எண்பத்து நாலு தடவை அதே இடத்தில் வேறு வேறு தலைகளைப் பார்த்திருப்பேன். காமெடி வந்தால் தலைகள் ஆடும். அழுகை வந்தால் தாழும், சேலைத் தலைப்பு மேலே ஏறும். சண்டை வந்தால் ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் போய் வரும். பயம் வந்தால் அசையாது. அதைவிட முக்கியம், இருமல் நின்றுவிடும். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் யாராவது ஒருத்தர் இருமிக்கொண்டேதான் இருப்பார். நிஜமான பயத்தில் ஒருத்தரும் இரும மாட்டார். ஒரு படம் வேலை செய்கிறதா இல்லையா என்று நான் கண்டுபிடித்தது காதால்தான்.

கடுகு தம்பி சொன்ன ராட்டினம் சரிதான். அப்படி ஒரு வகை உண்டு. கதவு படார் என்று சாத்தும், பூனை பாயும், தலைகள் துள்ளும், உடனே சிரிப்பலை. மூன்றாம் நாள் வருகிறவன் ஏற்கெனவே பார்த்த கூட்டாளியோடு வருவான். அந்தக் கூட்டாளி முழங்கையால் இடித்து "இப்பப் பாரு, பூனை வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். போச்சு. அது ராட்டினம். அதற்காக நான் வாதாட வரவில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது ஹிட்ச்காக் என்ற டைரக்டர் எடுத்த சைக்கோ. 1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் தியேட்டருக்குப் பழைய பிரிண்ட் ஒன்று ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காட்சிக்கு வந்தது. வந்த கூட்டத்தில் பாதிப் பேர் மில் தொழிலாளிகள். ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவர்கள். தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். மேலிருந்து பார்த்தால் திரை வெளிச்சத்தில் அந்தப் பஞ்சு மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது அவர்களுக்கு. எனக்கும்தான்.

பாஷை தெரியாமலே கதை புரிந்தது. ஒரு பெண் நாற்பதாயிரம் டாலரைத் திருடிக்கொண்டு காரில் போகிறாள். கறுப்புக் கண்ணாடி போட்ட போலீஸ்காரன் கார் ஜன்னலில் குனிகிறான். பஞ்சுத் தலைகள் அசையவில்லை. திருடினவளுக்காகப் பயப்படுகிறார்கள்! அப்புறம் மழை, லாட்ஜ், குளியலறை. அந்தக் குளியலறைக் கொலையைப் பற்றி உலகமே பேசிவிட்டது, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வருவது.

லாட்ஜ் நடத்துகிற ஒல்லிப் பையன் வருகிறான். ரத்தத்தைத் துடைக்கிறான், பொறுமையாக, நம் வீட்டில் வாசல் கழுவுகிற மாதிரி. பிணத்தைத் திரைச்சீலையில் சுற்றி அவள் காரின் டிக்கியில் போடுகிறான். பணம் மடித்திருந்த நியூஸ்பேப்பரும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே, அதோடு போகிறது. காரை ஒரு சேற்றுக் குட்டையில் தள்ளிவிட்டுக் கரையில் நிற்கிறான், எதையோ மென்றுகொண்டு. கார் மெல்ல அமிழ்கிறது. பாதி அமிழ்ந்ததும் நின்றுவிடுகிறது. கூரை மட்டும் வெளியே தெரிகிறது. பையன் வாய் மெல்லுவது நிற்கிறது. அக்கம் பக்கம் பார்க்கிறான்.

ஹாலில் ஒரு இருமல் இல்லை.

அப்புறம் கார் முழுசாகப் போனது. கீழேயிருந்து ஒரு மூச்சு வந்தது பாருங்கள், முந்நூறு பேரும் ஒன்றாக விட்ட மூச்சு. முன்பெஞ்சிலிருந்து ஒருத்தன் வாய்விட்டே சொன்னான், "அப்பாடா, முழுகிருச்சுடா."

நானும் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகுதான் சுருக்கென்றது. யாருக்காக இந்த அப்பாடா? கொஞ்ச நேரம் முன்னால் அந்தப் பெண் போலீஸில் மாட்டக்கூடாதே என்று பதறியவர்கள் நாங்கள். அவள்தான் அந்த டிக்கிக்குள் கிடக்கிறாள். கொலை நடந்த தடயம் மறைந்ததற்கு நாங்கள் சந்தோஷப்படுகிறோம். யாரும் எங்களிடம் வாதம் செய்யவில்லை, வசனம் பேசி மனசை மாற்றவில்லை. மாற்றினாலும் எங்களுக்குப் புரிந்திருக்காது. ஒரு கார் நாலைந்து நொடி நின்றது, அவ்வளவுதான். எங்கள் மூச்சு கட்சி மாறிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே படம். போன வாரம் வந்த சிலர் திரும்ப வந்தார்கள். அதில் ஒருத்தர் கார் குட்டைக்கு வருவதற்கு முன்னாலேயே நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முழுகிவிடும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் அம்மா மாதிரி. முழங்கையால் இடித்துக் கெடுக்க முடியாத இடம் அது.

இன்னொன்று. அந்தப் பிரிண்ட் பல ஊர் சுற்றி வந்தது, நிறைய ஒட்டு. குளியலறைக் காட்சியில் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் போயிருந்தது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஆகப் போனது அரை நொடி. பாட்டில் ஒரு வரியே போனாலும் ஜனங்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே அந்த அரை நொடியில் கத்தி ஒரு எகிறு எகிறியது, சிலர் சிரித்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து நல்ல பிரிண்ட் வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அரை நொடி பிசகினால் பயம் சிரிப்பாகிவிடுகிறது என்றால் அதை வெட்டி ஒட்டினவர் எவ்வளவு கணக்குப் பார்த்து ஒட்டியிருப்பார்? உங்கள் துறையில் சிரித்தவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பிற்பாடு டிடிஎஸ் வந்தது. எல்லா இடத்திலும் சத்தம். இருமினாலும் காதில் விழாது. அந்தக் கதை வேண்டாம்.

பழைய பத்திரிகைக்காரன்

ஆபரேட்டர் அண்ணன் சொன்னதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. ஆனால் வெண்ணிலாவுக்குத் துறையில் காட்டக் கொஞ்சம் விவரம் வேண்டுமே, அதை மட்டும் சொல்கிறேன்.

உங்களைப் பார்த்துச் சிரித்த மாதிரியே சைக்கோவைப் பார்த்தும் சிரித்தார்கள். பாரமவுண்ட் ஸ்டுடியோ பணம் போடத் தயங்கியதால் ஹிட்ச்காக் தன் சொந்தக் கம்பெனிப் பணத்தில், தன் டிவி தொடரில் வேலை செய்தவர்களை வைத்து, சுமார் 8 லட்சம் டாலரில் எடுத்து முடித்தார். குளியலறைக் காட்சி மட்டும் ஏழு நாள். 78 கேமரா நிலைகள், எடிட்டிங்கில் 52 வெட்டுகள் என்று கணக்குச் சொல்வார்கள். அண்ணன் சொன்ன அரை நொடி அங்கே ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதற்கு இதுதான் விடை. ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது ரத்தத்தைவிட ரத்தமாகத் தெரிந்தது.

அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிவிட்டார். படம் முழுக்கத் தந்திக் கருவிகள் மட்டும். ஊதுகுழல் இல்லை, தாளக் கருவி இல்லை. கல்யாண வீட்டில் வாசிக்கிற அதே வயலினை வைத்து அந்தக் கிறீச்சை எடுத்தார். கேட்டபிறகு ஹிட்ச்காக் தன் முடிவை மாற்றிக்கொண்டார். படத்துக்கு நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, ஒன்றும் ஜெயிக்கவில்லை. இசைக்குப் பரிந்துரைகூட இல்லை!

நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி கிரவுதர் படம் வந்த வாரம் பெரிதாக மெச்சவில்லை. வருஷக் கடைசியில் தன் பத்துச் சிறந்த படங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ராபின் வுட் என்ற ஆங்கிலேயர் சைக்கோவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி லண்டனின் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகைக்கு அனுப்பினார். இது ஒரு வேடிக்கைப் படம் என்பதே உங்களுக்குப் புரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரான்ஸில் கையே து சினிமா என்ற பத்திரிகை அதை வெளியிட்டது. 1965இல் அவர் ஹிட்ச்காக் பற்றிப் புத்தகமே போட்டார். அதன் முதல் கேள்வியே, ஹிட்ச்காக்கை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பதுதான். உங்கள் மூன்று பக்கம் மாதிரி! அதே சைட் அண்ட் சவுண்ட் 2012இல் உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் வந்தது ஹிட்ச்காக்கின் இன்னொரு படம், வெர்டிகோ.

இதையெல்லாம் எழுதுங்கள், ஆனால் இதையே வாதமாக வைக்காதீர்கள். வெள்ளைக்காரன் ஒத்துக்கொண்டான், ஆகவே கலை என்றால் துறையில் சரி என்பார்கள், உங்களுக்குத்தான் சப்பென்றிருக்கும்.

மலைக்கோட்டை வெண்ணிலா

ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த மனுஷனுக்குத் தெரியுது பாரு" என்றார்.

எனக்கு இன்னொன்று தோன்றியது. நேற்று ராத்திரி தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியலைத் திரும்ப எடுத்தேன். முதலாண்டில் தேர்வுக்காக உருப்போட்டது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம் என்று எட்டு. "மெய்ப்பாடு" என்ற சொல்லை இத்தனை நாள் கவனிக்காமலே எழுதியிருக்கிறேன். மெய்யில் படுவது. உள்ளே நடப்பது உடம்பில் தெரிவது. உரையில் இளம்பூரணர் பழைய கூத்து நூலிலிருந்து ஒரு வரி எடுத்துக் காட்டுகிறார், "உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல்" என்று. நடத்துபவன் செய்வது பார்ப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் சதுர ஓட்டை வழியாக முப்பத்தைந்து வருஷம் பார்த்தது அதைத்தானே ஐயா? இருமல் நின்றது என்றீர்களே, அது மெய்ப்பாடு. உடம்பை உலுக்குவது கீழான வேலை என்பது நம் இலக்கணத்தில் இல்லவே இல்லை. அங்கே கணக்கே உடம்பில்தான் ஆரம்பிக்கிறது.

கடுகு அண்ணனுக்கும் ஒரு பதில். பேயும் சிரிப்பும் சேர்ந்தால் கலை கெட்டுவிடும் என்றால் கலிங்கத்துப்பரணியை என்ன செய்வது? முதல் குலோத்துங்கன் காலத்துப் பாட்டு. பசியில் வாடுகிற பேய்கள் போர்க்களத்தில் பிணங்களை வைத்துக் கூழ் காய்ச்சுகின்றன. பந்தி பரிமாறும்போது குருட்டுப் பேய், ஊமைப் பேய், பார்ப்பனப் பேய், சமணப் பேய் என்று ஆளுக்கொரு கிண்டல். அதை எங்களுக்குப் பாடமாக வைத்தவர்கள்தான் என் தலைப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள்.

அச்சம் எதிலிருந்து வரும் என்று தொல்காப்பியம் நாலு சொல்கிறது: அணங்கு (வருத்துகிற தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). இதை வைத்து சைக்கோவைப் பார்க்கலாமா என்று யோசித்தேன். முதல் பகுதியில் அவளே கள்ளி, அவள் பயப்படுவது இறைக்கு, அதாவது அந்தப் போலீஸ்காரனுக்கு. லாட்ஜுக்கு வந்ததும் மேட்டு வீட்டில் இருப்பது அணங்கு. (முடிவைச் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பார்கள்.) ஆனால் குட்டையில் கார் நிற்கிற இடம் இந்த நாலில் எதிலும் முழுசாக அடங்கவில்லை. அங்கே நாம் எதற்குப் பயப்படுகிறோம்? அவன் மாட்டிக்கொள்வானே என்று. அதாவது அவன் பயம் நமக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆய்வேட்டின் நடு இயல் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி ஐயா. எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருமா? காலைக்காட்சிக்குப் பெண்கள் வந்தார்களா?

கடுகு

பரணியை நடுவில் இழுத்தது அநியாயம், இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன். ராட்டினத்தைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். சைக்கோவை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு ராத்திரி பார்க்கிறேன், வீட்டுக்காரி ஊரில் இல்லை. லைட்டைப் போட்டுக்கொண்டு பார்த்தால் செல்லுமா?

ஆபரேட்டர் (ஓய்வு)

செல்லாது தம்பி. அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அம்மிணி, நல்ல கேள்வி கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இங்கிலீஷ் படத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள். பெண்கள் பக்கத்துப் பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். ஒரே ஒருத்தி இருந்தாள், ஹால் கூட்டுகிற அம்மாள். மேட்னிக்கு முன்னால் கூட்ட வேண்டும் என்பதால் சீக்கிரமே வந்து, விளக்குமாறோடு பக்கவாட்டுக் கதவோரம் நின்று படம் பார்ப்பாள். குளியலறைக் காட்சிக்கெல்லாம் அவள் அசையவே மாட்டாள். கார் குட்டைக்கு வந்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாள். கதவு திறந்தால் வெயில் ஹாலுக்குள் அடிக்கும், மேலிருந்து எனக்கு நன்றாகத் தெரியும். முன்பெஞ்சுக்காரர்கள் "கதவைச் சாத்து" என்று கத்துவார்கள். மூன்று ஞாயிறும் அதே இடத்தில் போனாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்து கேட்டேன், ஏம்மா, கொலையையே நின்று பார்க்கிறாய், கார் முழுகுவதற்கு மட்டும் ஏன் வெளியே போகிறாய் என்று.

"அந்தப் புள்ள உள்ளாற கெடக்குதுங்களே" என்றாள்.